காற்று தாங்கும், அடியை வாங்குவது எண்ணெய்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, தம் கையால் சிறு விமானம் கட்டிப் பறப்பவர்களிடமிருந்தும் அதில் ஆர்வம் கொண்டவர்களிடமிருந்தும் வந்தவை. ஐந்துமே சக்கரக் காலைப் பற்றியவை. எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு எப்போதும் ஆள் உண்டு, காலைப் பற்றிக் கேட்பவர் அரிது. சுபாங் விமான நிலைய ஹேங்கர்களில் பல ஆண்டுகள் குனிந்தே வேலை பார்த்தவன் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நானும் என் மைத்துனரும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் முன்கால், எண்ணெயும் காற்றும் நிரப்பும் ஸ்ட்ரட் வகை. பத்து நாளுக்கு ஒரு முறை அது தாழ்ந்துவிடுகிறது. டயர் கடையில் ஒரு சிறு உருளையில் காற்றை நிரப்பிக்கொண்டு வந்து ஏற்றுகிறோம், உடனே நிமிர்ந்துவிடுகிறது. இப்படியே தொடரலாமா?
– வாசகர், ஷா ஆலாம்

பதில்: தொடர வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் ஸ்ட்ரட் நல்ல ஸ்ட்ரட் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். விமானம் தரையில் நிற்கும்போது அதன் எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. விமானம் தரையில் மோதும்போது அந்த மோதலை வாங்கிக்கொள்வது ஒரு சிறு துளை வழியாகப் பிதுங்கிச் செல்லும் எண்ணெய். உயரத்தைக் காற்றால் சரிசெய்துவிடலாம். எண்ணெய் குறைந்திருந்தால் அந்தக் குறையைக் காற்றால் மறைக்கத்தான் முடியும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். உங்கள் முன்காலின் பிஸ்டன் 4 செ.மீ. விட்டமுடையது என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர செ.மீ. முன்கால் சுமக்கும் எடை 90 கிலோ என்றால், உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம் சதுர செ.மீ.க்கு 7.2 கிலோ, அதாவது சுமார் 100 பி.எஸ்.ஐ. சக்கரம் தரையில் இருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு காற்று ஏற்றினாலும் கால் நீளுமே தவிர இந்த அழுத்தம் கூடாது. ஏனெனில் அதை நிர்ணயிப்பது மேலே இருக்கும் எடையும் பிஸ்டனின் பரப்பும்தான். ஆகவே தரையில் நிற்கும் விமானத்தில் கேஜ் வைத்து அழுத்தம் பார்த்து, “சரியாக இருக்கிறது” என்று சொல்வதில் பொருளே இல்லை. செஸ்னா 172 விமானத்தின் முன்கால் ஸ்ட்ரட்டுக்கு 45 பி.எஸ்.ஐ. என்று கையேடு சொல்வது, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, கால் முழுவதும் நீண்டு, சுமை ஏதும் இல்லாத நிலையில் அளக்க வேண்டிய அளவு. அதை விமானம் நிற்கும்போது அளந்துவிட்டு, “இரண்டு மடங்கு இருக்கிறதே” என்று காற்றை இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே எண்ணெய் போதுமா என்பதை அறிய ஒரு எளிய வழி உண்டு. வால் பகுதியில், அழுத்தலாம் என்று வரைபடம் அனுமதிக்கும் இடத்தில், இரு கைகளாலும் மெதுவாக அழுத்தி மூக்கை உயர்த்திவிட்டுக் கையை எடுங்கள். மூக்கு ஒரே மூச்சில் இறங்கி நின்றால் எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது. இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடி நின்றால், நீங்கள் வெறும் காற்றுத் தலையணையில் விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் சற்றுக் கடுமையாக இறங்கினால் பிஸ்டன் அடிமட்டம் வரை சென்று உலோகத்தில் உலோகம் மோதும். அந்த அடி நேரே எஞ்சின் தாங்கிக்கும் அதைப் பிடித்திருக்கும் தீத்தடுப்புச் சுவருக்கும் போய்ச் சேரும். கட்டிய விமானத்தில் அந்தச் சுவரின் ரிவெட்டுகளை அடித்தவர் நீங்கள்தான் என்பதால், அதை மீண்டும் திறப்பது எத்தனை மாத வேலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, ஏன் தாழ்கிறது என்ற கேள்வி. வெயிலைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. விடியற்காலை 24 டிகிரியும் பிற்பகல் 34 டிகிரியும் என்றால், அடைபட்ட வாயு விரிவது ஏறக்குறைய 3.4 விழுக்காடுதான், உள்ளே வாயுப் பத்தி 15 செ.மீ. உயரம் இருந்தால் மாறுவது 5 மில்லிமீட்டர். காலையிலும் மாலையிலும் விரற்கடைக்கும் குறைவாக ஏறி இறங்குவது இயல்பு. பத்து நாளில் நான்கு விரற்கடை இறங்குவது கசிவு.

கசிவைத் தேடும்போது வால்விலிருந்து தொடங்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, வால்வின் வாயிலும் அது சிலிண்டரில் பொருந்தும் இடத்திலும் தூரிகையால் தடவி, ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். மெதுவான கசிவு உடனே கொப்புளம் விடாது. முதலில் ஒரு வெண்மையான நுரைப்புள்ளி தோன்றி, அது கடுகளவு, மிளகளவு என்று வளரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு ஸ்ட்ரட்டை இரண்டு முறை பிரித்து இரண்டு முறையும் சீல்களை மாற்றினேன். மூன்றாம் நாள் அது மறுபடியும் படுத்துவிட்டது. மூத்த தொழில்நுட்பர் ஒருவர் வந்து வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளே காற்றை அடைத்து நிற்கும் சிறு ஊசியான கோரைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது டயர் கோர். அளவிலும் உருவத்திலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; உயர் அழுத்தத்துக்கான விமானக் கோரின் முனையில் ‘எச்’ என்ற எழுத்து பொறித்திருக்கும், அதில் இல்லை. சோப்பு நீரை முதலில் தொட்டிருந்தால் இரண்டு நாள் வேலை மிஞ்சியிருக்கும்.

வால்வு சரியாக இருந்து, பிஸ்டனின் பளபளக்கும் பகுதியில் சிவப்பு எண்ணெய் வழிந்து தூசியோடு சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால், கசிவது சீல். மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். சீல் வறண்டு போகாமலிருக்க அது தேவை. சீலை மாற்றும் முன் குரோம் பூச்சின் மேல் விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே ஒரு துருக்குழி இருக்கிறது. புதிய சீலையும் அது ஒரு மாதத்தில் கிழித்துவிடும். கப்சாய் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்து, சீல் மாற்றியும் நிற்காத அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும், காரணம் இதேதான்.

டயர் கடைக் காற்றை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 30 டிகிரி வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கி, அது மீண்டும் அறை வெப்பத்துக்கு ஆறியதும், அந்த நீராவியின் பெரும்பகுதி நீராகவே பிரிந்துவிடும். நம்பாதவர்கள் டயர் கடையில் கம்ப்ரஸர் தொட்டியின் அடித் திருகைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். தேநீர் நிறத்தில் துருநீர் பீய்ச்சும். அதில் ஒரு பங்கை நீங்கள் ஸ்ட்ரட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உலர்ந்த நைட்ரஜனைப் பயன்படுத்துங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் உருளையிலிருந்து நேரே ஏற்றாதீர்கள். ஆக்சிஜனை மட்டும் எக்காரணம் கொண்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

எண்ணெய் நிரப்பும் முறை உங்கள் ஸ்ட்ரட்டைச் செய்தவரின் கையேட்டில் இருக்கும். பொதுவான ஒழுங்கு இதுதான். சக்கரம் தரையில் படாதபடி மூக்கை உயர்த்தி உறுதியாகத் தாங்கல் கொடுத்தபின், முகத்தை வால்வின் நேருக்கு வைக்காமல், வாயுவைச் சிறிது சிறிதாக முழுவதும் வெளியேற்ற வேண்டும். அழுத்தம் மீதமிருக்கும்போது வால்வின் உடற்பகுதியைத் திருகினால் அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். இதில் அவசரப்பட்டு விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. அதன்பின் பிஸ்டனை முழுவதும் உள்ளே தள்ளி, நிரப்பும் துளையின் விளிம்புவரை எண்ணெய் ஊற்ற வேண்டும். துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, மறுமுனையை எண்ணெய் நிறைந்த தெளிவான புட்டியில் அமிழ்த்தி, குமிழிகள் நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாக நீட்டியும் சுருக்கியும் இயக்குங்கள். பலர் இந்த இயக்கத்தை விட்டுவிடுவதால்தான், நிறைய எண்ணெய் ஊற்றியும் அடுத்த வாரமே மட்டம் குறைந்து நிற்கிறது. உள்ளே பதுங்கியிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தை எண்ணெய் பிடித்திருக்கும். கடைசியில் பிஸ்டனை உள்ளே தள்ளியபடியே துளையை மூடி, கையேட்டில் உள்ள அளவுக்கு நைட்ரஜன் ஏற்றுங்கள்.

செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதுங்கள். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் உங்களுக்குக் கொடுத்த அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்து, இந்த வேலைக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்பதை உறுதி செய்துகொண்டபின் பறங்கள்.

கேள்வி: ஸ்ட்ரட்டுக்கும் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்தான் என்று பறக்கும் கழகத்தில் சொன்னார்கள். அப்படியானால் கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றலாமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: கழகத்தில் சொன்னது சரி, நீங்கள் புரிந்துகொண்டதுதான் ஆபத்து. சிறு விமானங்கள் பலவற்றில் பிரேக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் மில்-5606 எனப்படும் சிவப்புக் கனிம எண்ணெயே பயன்படுகிறது. காருக்கு விற்கும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. பெயர் ஒன்று, பொருள் வேறு. விமான ஸ்ட்ரட்டில் பெரும்பாலும் இருப்பது நைட்ரைல் ரப்பர் சீல். அது கனிம எண்ணெயில் நிம்மதியாக இருக்கும். கார் பிரேக் ஆயிலில் ஊறினால் உப்பி இளகிவிடும். அப்படி ஒரு ஸ்ட்ரட்டைப் பிரித்தபோது, உள்ளே இருந்த ஓ-ரிங் இரவெல்லாம் ஊறவைத்த உளுந்துபோல் தடித்து, தன் காடியிலிருந்து பிதுங்கி நின்றதைப் பார்த்தேன். இதே தவற்றைத் தலைகீழாகவும் செய்யலாம்: சிவப்பு எண்ணெயைக் காரின் பிரேக்கில் ஊற்றினால் காரின் ரப்பர் கெடும்.

பெரிய பயணிகள் விமானங்களில் இருக்கும் ஊதா நிற எண்ணெயும் உங்களுக்கு ஆகாது. ஹேங்கரில் வேலை செய்யும் நண்பர் அன்போடு ஒரு டப்பா கொடுத்தாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய பழைய கையால் கட்டிய விமானத்தில் ஸ்ட்ரட்டே இல்லை, வளைந்த எஃகுப் பட்டைதான் கால். பராமரிப்பே தேவையில்லை என்று விற்றவர் சொன்னார். பட்டையில் ஆங்காங்கே துரு தெரிகிறது. துரு நீக்கும் அமிலத்தில் தோய்த்து எடுத்து மறுபடியும் வர்ணம் பூசலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அமிலத்தில் தோய்க்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். வில்லுக்காகப் பதப்படுத்திய உயர்வலு எஃகு அமிலத்தில் படும்போது, அங்கே உருவாகும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பட்டை கண்ணுக்குப் பளபளவென்று புதிதாகத் தெரியும். பிறகு ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சாதாரணச் சுமையிலேயே முறியும். அதே காரணத்தால் குரோம் பூசுகிறேன் என்று கிளம்பாதீர்கள். வெல்டிங் செய்யாதீர்கள், ஏனெனில் சூடுபட்ட இடத்தில் பதம் போய்விடும். ஏணிப்படி பொருத்துவதற்காகக்கூடத் துளையிடாதீர்கள்.

எஃகு வில்லைக் காலாகப் பயன்படுத்தும் இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் பந்தய விமானி ஸ்டீவ் விட்மன். 1946-இல் வந்த செஸ்னா 120, 140 விமானங்கள் இதைப் பரவலாக்கின, கையால் கட்டும் வேன்ஸ் ஆர்.வி. விமானங்களில் பட்டைக்குப் பதிலாக நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் எஃகுத் தண்டு இருக்கும். கசிய எண்ணெய் இல்லை, கிழிய சீல் இல்லை என்பது உண்மை. அதனால் பராமரிப்பே இல்லை என்பது விற்பவரின் கணக்கு.

குனிந்து பட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பலர் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சக்கரத்தைத் தரை மேல்நோக்கித் தள்ளும்போது பட்டை வளைந்து, அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. களைப்பு விரிசல் தொடங்குவது இழுபடும் பக்கத்தில்தான். ஓடுபாதைக் கற்கள் தெறிப்பதும், வர்ணம் உரிவதும், உப்பு நீர் ஒட்டுவதும் அதே பக்கத்தில். 1935-இல் திறந்த பாயான் லெப்பாஸ் விமான நிலையம் கடலை ஒட்டியது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டாம். அங்கே நிற்கும் விமானத்தின் அடியில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆகவே வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவித் துடையுங்கள். உயர் அழுத்தக் குழாயைச் சக்கரத்தின் பேரிங் பக்கம் காட்டாதீர்கள்.

இருக்கும் துருவை மெல்லிய உப்புத்தாளால், பட்டையின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து நீக்குங்கள். குறுக்குவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்குப் போடும் கோடாகிவிடும். துரு போனபின் குழி மிஞ்சினால், அதன் ஆழம் வடிவமைத்தவர் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் பட்டையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அச்சு பொருந்தும் போல்ட் துளைகளைச் சுற்றியும், பட்டை உடற்பகுதிக்குள் நுழையும் இடத்திலும் விரிசலைக் காட்டும் காந்தத்துகள் சோதனை செய்துகொள்வது நல்லது. அலுமினியப் பட்டையென்றால் காந்தம் பயன்படாது; சாயம் ஊடுருவும் சோதனையைச் செய்யலாம். சோதித்தவுடன் அன்றே முதற்பூச்சு பூசிவிடுங்கள். நம் காற்றில் வெறும் எஃகு ஓர் இரவு தாங்காது.

பட்டையோடு இறங்கும் பிரேக் குழாயையும் ஒரு முறை அசைத்துப் பாருங்கள். பிடிப்பு தளர்ந்த இடத்தில் அது பட்டையில் உரசி, வர்ணத்தையும் தின்று தன்னையும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் விமானத்தின் காலில் ரப்பர் வடம் சுற்றியிருக்கிறது. அதன் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், ரவாங்

பதில்: விமானத் தரத்தில் செய்த வடமாக இருந்தால் முடியும். வெளி உறையின் நெசவில் இரண்டு இழைகள் ஒரே நிறத்தில் இருக்கும். அவை தயாரித்த ஆண்டைக் குறிக்கும். தனியே ஓடும் இன்னோர் இழை காலாண்டைக் குறிக்கும்: சனவரி முதல் மார்ச் வரை சிவப்பு, அடுத்த மும்மாதங்களுக்கு முறையே நீலம், பச்சை, மஞ்சள். ஆண்டின் நிறங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், வாங்கிய சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். உறை பஞ்சுபோல் பிரிந்திருந்தாலோ, எண்ணெய் ஊறியிருந்தாலோ, விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ வயதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். எண்ணெய் படிந்த துணியால் அதைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: எஃகு வில்லே போதுமானது என்றால், எதற்காக எண்ணெயும் துளையும் சீலும் வைத்து இவ்வளவு சிரமம்?
– கல்லூரி மாணவி, ஜார்ஜ் டவுன்

பதில்: நல்ல கேள்வி, அம்மா. 600 கிலோ எடையுள்ள விமானம் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழிறங்கித் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதை 20 செ.மீ. உயரத்திலிருந்து அப்படியே கீழே போடுவதற்கு அது சமம். அப்போது எங்காவது போய்ச் சேர வேண்டிய ஆற்றல் 1,200 ஜூல். எஃகு வில் அதைக் கடனாக வாங்கி, வளைந்து, கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் வில்கால் விமானம் மோசமாக இறங்கினால் பந்துபோல் மீண்டும் எழும்புகிறது. டயர்கள் பக்கவாட்டில் தரையில் தேய்வதில் ஓரளவு ஆற்றல் செலவாகும், மீதியை விமானி சமாளிக்க வேண்டும். எண்ணெய் ஸ்ட்ரட் திருப்பிக் கொடுப்பதில்லை. துளை வழியே பிதுங்கும்போது அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. 1,200 ஜூலும் ஒரே ஸ்ட்ரட்டுக்குள் போனாலும்கூட, அதிலுள்ள ஒரு தேநீர்க் குவளை அளவு எண்ணெய், ஏறத்தாழ 200 மில்லிலிட்டர், 4 டிகிரிகூடச் சூடாகாது. விமானம் ஓடுபாதையிலிருந்து திரும்பி நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் அந்தச் சூடும் ஆறிப்போயிருக்கும்.